கை நனைத்த பல்கலைக்கழகங்கள்

பங்குனி பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை, எமகண்டம் கழியட்டும் என்று பைபாஸ் டோல்கேட்டுக்கு அந்தப் பக்கமே முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு, பத்தே முக்காலுக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் ஆனங்காட்டூருக்குள் வந்தன. முன்னால் வந்தது நூற்றைம்பது வருஷத்துக் கருங்கல் கட்டடம், மணிக்கூண்டும் சரிவான கூரையும் கூரைமேல் முழங்கால் உயரத்துக்குப் பனியுமாக. பின்னால் வந்தது தரையிலிருந்து உச்சிவரை கண்ணாடி, ஒன்பது மாடி, நான்கு லிஃப்ட். ரிக் வண்டிகள் போகும்போது செய்வதைப் போலவே லைன்மேன் மூங்கில் கழியால் மின்கம்பியைத் தூக்கிப் பிடிக்க, இரண்டும் இடுப்பை மடித்துக் குனிந்து நுழைந்தன. டீக்கடையில் நின்றவர்கள் ஏறிட்டுப் பார்த்து, "செங்கோடன் மகளப் பாக்க வந்திருக்குதாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு, பஜ்ஜிக்குக் கடலைமாவு இருக்கிறதா என்று அவர் வீட்டுக்குக் கேட்டனுப்பினார்கள்.

கருங்கல் சந்தைப்பேட்டையில் உட்கார்ந்தது. கண்ணாடி எதிரே ரிக் வண்டிகள் நிற்கும் மைதானத்தில் உட்கார்ந்தது. நடுவில் திருச்செங்கோடு ரோடு.

செங்கோடன் முப்பது வருஷமாக ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் இருப்பவர். அவருடைய ஒரே மகள் வான்மதிக்கு இருபத்தாறு வயது. சிவில் படித்துவிட்டு, நான்கு வருஷமாக உள்ளூரிலேயே ஒரு ரிக் கம்பெனி ஆபீசில் போன் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் ஆசைப்பட்டது அந்தப் போனுக்கு இல்லை. பாறையைப் பார்த்து, மண்ணைப் பார்த்து, பூமிக்கடியில் தண்ணீர் எங்கே போகிறது என்று சொல்லும் வேலைக்கு ஆசைப்பட்டாள். அந்த வேலையை ஆனங்காட்டூரில் தேங்காய் மாரப்பன் செய்துகொண்டிருந்தார். உள்ளங்கையில் குடுமித் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு காட்டுக்குள் நடப்பார், தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் துளை போடுவார்கள். வான்மதி ஒருதரம் முதலாளியிடம் கேட்டதற்கு, "கண்ணு, நீ பாறையத் தட்டிப் பாத்துச் சொன்னா எவன் நம்புவான்? போன் அடிக்குது பாரு, எடு" என்றார். அன்றைக்கு ராத்திரியே அவள் வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்தாள்.

இரண்டு இடம் கிடைத்தது. கருங்கல் அவள் கேட்ட படிப்பையே கொடுத்தது, நிலத்தடி நீர். ஆனால் வேலையைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. கண்ணாடி கொடுத்ததோ தரவு மேலாண்மை என்று ஒரு படிப்பு, தண்ணீருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் வேலை நிச்சயம் என்று முதல் வரியிலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. வெளிநாட்டுக்குப் போய்ப் படிக்கிறவளுக்குப் படிப்பு முடிந்தபின் வேலை தேட ஒரு கெடு உண்டு. கெடுவுக்குள் கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்து அதே போனுக்கு முன்னால் உட்கார வேண்டியதுதான். சித்திரை இரண்டாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று இரண்டும் கேட்டிருந்தன. மூன்று வாரமாக அவள் பதில் போடவில்லை. அதனால்தான் இரண்டும் நேரிலேயே கிளம்பி வந்துவிட்டன.

சம்பந்தம் என்று வந்துவிட்டால் ஆனங்காட்டூரில் யாரும் தாமாக எதையும் செய்துவிட முடியாது, தரகர் ராசப்பன் வர வேண்டும். அவர் வந்தார். இரண்டு கட்டடத்தையும் மூன்று சுற்றுச் சுற்றினார், சுவரைத் தட்டிப் பார்த்தார், வயசு கேட்டார், குலதெய்வம் எதுவென்று கேட்டார். பதில் வான்மதியின் கைபேசிக்கு மின்னஞ்சலாக வந்தது, ஏனென்றால் இருநூறு அடி தள்ளி உட்கார்ந்திருந்தாலும் அவை மின்னஞ்சலில்தான் பேசின: அன்புள்ள விண்ணப்பதாரருக்கு, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.

"குலதெய்வத்தக் கேட்டா நன்றிங்குது. செரி, நாகரிகமான எடந்தான்" என்றார் ராசப்பன். பிறகு வான்மதியின் அம்மா பாவாயியைத் தனியாகக் கூப்பிட்டு முறையைச் சொன்னார். "அம்மிணி, பஜ்ஜி குடு, காப்பி குடு, மிச்சர் குடு. சோறு மட்டும் போட்றாத. சம்மதஞ் சொல்றதுக்கு முன்னால சோத்துல கை நனைச்சுட்டா முடிஞ்சுது. அப்பறம் நாம பேச்சு மாறக் கூடாது."

பாவாயி தலையாட்டினாள். அவள் தினமும் இரண்டு தூக்குச்சட்டியில் பலகாரம் கொண்டுபோய் வைப்பாள். சாப்பாட்டுக் கூடத்துக் கதவு மெல்லத் திறக்கும், தட்டு உள்ளே போகும், கழுவித் துடைத்துக் காலியாக வெளியே வரும். கருங்கல் காரம் தாங்காமல் ஜன்னல்களைத் திறந்து திறந்து மூடும். கண்ணாடி மிச்சரில் கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியைத் திருப்பி அனுப்பிவிடும்.

ஊர் இரண்டையும் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டது. சனிக்கிழமைச் சந்தை கருங்கல்லின் தாழ்வாரத்தில் நடந்தது. தக்காளிக்காரிகள் அதன் நிலவறையில் கூடைகளை அடுக்கிவிட்டு, ஒரு பழம்கூட அழுகவில்லை என்று மெச்சிக்கொண்டார்கள். கட்டடத்தைச் சுற்றி ஐம்பதடிக்குப் பனி பெய்தபடி இருந்ததால் அந்த வட்டத்துக்குள் சுக்குக்காப்பி வண்டியும் குரங்குக் குல்லா கடையும் வந்தன, வட்டத்துக்கு வெளியே ஒரு காலடி தள்ளி இளநீர்க்காரர் வழக்கம்போல வெயிலில் நின்றார். கூரைப் பனி உருகி வழிந்த தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் உட்கார்ந்தன. மூன்று வருஷமாகக் குழாயில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்த ஊர் அது. மணிக்கூண்டு தன் ஊர் நேரத்தையே காட்டி உச்சிவெயிலில் நடுராத்திரி இரண்டரை என்றது, அதைப் பார்த்துத் தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொண்டார்கள். எதிரில், கண்ணாடியின் ஏசிக் காற்றில் நாலாம் மாடி முழுக்க ரிக் டிரைவர்கள் தூங்கினார்கள், பெண்கள் வேலை முடித்துக் குளித்துத் தலைவாரிக்கொண்டு லிஃப்டில் மேலேயும் கீழேயும் போய் வந்தார்கள், கவுன்சிலர் தன் பேத்தியின் காதுகுத்தை அதன் கலையரங்கத்தில் வைத்து, வருக வருக என்று அறுபத்துநான்கு சொந்தக்காரர்களின் முகம் போட்ட ஃபிளெக்ஸை ஒன்பது மாடிக்கும் தொங்கவிட்டார். கண்ணாடியின் அலுவலகத்திலிருந்து வான்மதிக்கு மட்டும், வளாக வாழ்க்கை உங்களை அழைக்கிறது என்று ஒரு அஞ்சல் வந்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அவள் யாரிடமாவது யோசனை கேட்டால், "அவசரப்படாத கண்ணு" என்றார்கள். தண்ணீர் பிடிக்கிறவர்கள் சொன்னார்கள், ஏசியில் படுத்திருந்தவர்கள் புரண்டு படுத்தபடி சொன்னார்கள். அவள் பதில் சொன்ன மறுநிமிஷம் ஒன்று கோபித்துக்கொண்டு போய்விடும், இன்னொன்று அவளை அழைத்துக்கொண்டு போய்விடும் என்று ஊருக்குத் தெரியும். கெடு நெருங்க நெருங்க அவளுக்கு யோசனை சொல்ல ஒருவரும் மிச்சமில்லை. ஊரே தன் கல்யாணத்தைத் தள்ளிப்போடப் பார்க்கிறது என்று அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அவள் இரண்டுக்கும் ஒரே கேள்வியைத் தினமும் எழுதினாள்: படித்து முடித்தால் எனக்கு வேலை கிடைக்குமா?

கருங்கல் எழுதியது: எங்கள் முன்னாள் மாணவர்கள் உலகெங்கும் பரவியிருக்கிறார்கள். கண்ணாடி எழுதியது: நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர். யாரைக் கேட்டுச் சொல்கிறீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்டபோது, இது தானாக அனுப்பப்பட்ட பதில், இதற்குப் பதிலெழுத வேண்டாம் என்று வந்தது.

"வாயில சொன்னா நம்பிக்குவமா?" என்றார் ராசப்பன். "பையன் ஊட்டுக்குத் தெரியாம அவிய ஊருக்கே போயி, அக்கம்பக்கத்துல விசாரிக்கோணும். அதானுங்க முறை."

கட்டடங்களின் பின்கதவைத் திறந்தால் அவற்றின் ஊர்தான் இருந்தது, பாதையில் சிரமம் ஒன்றுமில்லை. செங்கோடனும் ராசப்பனும் வான்மதியும் சாயந்திரம் ஆறு மணிக்குக் குல்லா வாங்கி மாட்டிக்கொண்டு கருங்கல்லின் பின்கதவு வழியாகப் போனார்கள். அங்கே காலை எட்டரை. தெரு முழுக்கப் பனி. ஒரு மளிகைக்கடை வாசலில் மண்வெட்டியால் பனியை வாரிக்கொண்டிருந்த ஆள், இவர்கள் பேச்சைக் கேட்டுச் சட்டென்று நிமிர்ந்து, "நம்ம பக்கமுங்களா?" என்றான். பெயர் இளங்குமரன், பரமத்தி வேலூர்க்காரன். அவள் படிக்க நினைத்த அதே படிப்பை முடித்து எட்டு மாசம் ஆகியிருந்தது.

"காலேஜ் எப்படிங்க தம்பி? ஒளிக்காமச் சொல்லுங்க" என்று ராசப்பன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தங்கமான காலேஜுங்க. எந்நேரம் போயிக் கேட்டாலும் ஒக்கார வச்சுச் சொல்லிக் குடுப்பாங்க. பாறைய ஒடைச்சுக் கையில குடுத்தா எங்க தண்ணி போகுதுன்னு இப்ப நான் சொல்லிப்போடுவேன்."

"அப்பறம் ஏன் சாமி மண்வெட்டி?" என்றார் செங்கோடன்.

இளங்குமரன் மண்வெட்டியைப் பார்த்தான். "அது காலேஜ் கையில இல்லீங்களே, ஐயா. முன்னூத்தி எம்பது எடத்துக்கு எழுதியிருக்கறேன். இன்னைக்குப் பதினோரு மணிக்கு ஒரு எடத்துல வரச் சொல்லியிருக்காங்க."

செங்கோடன் அவனைக் கையோடு அழைத்து வந்தார். அவன் பின்கதவில் நுழைந்து முன்கதவில் இறங்கி, சந்தைப்பேட்டையைச் சுற்றுமுற்றும் பார்த்து, நாமக்கல்லுக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான். நாலு பஜ்ஜி தின்றான். பஸ் வந்து நின்றது, கண்டக்டர் விசில் கொடுத்தார், அவன் படியில் ஒரு காலை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டான். பதினோரு மணி ஞாபகம் வந்து மறுபடி பின்கதவைப் பார்த்து ஓடியவனின் முதுகை வான்மதி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முதுகு நாளைக்குத் தன்னுடையதாக இருக்கலாம் என்று பயந்தாள்.

அடுத்த நாள் கண்ணாடியின் பின்கதவு. அங்கே எல்லோரும் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வேகவேகமாக நடந்தார்கள். கரூர்ப் பெண் ஒருத்தி நடந்தபடியே பேசினாள். படிப்பு முடிந்த மறுவாரமே வேலையாம்.

"என்ன வேலைங்க அம்மிணி?"

"காலைல ஒரு பட்டியல் வருமுங்க. அத வேற மாதிரிப் பட்டியலா மாத்தி அனுப்புவேன்."

"அப்பறம்?"

"அங்க ஒருத்தர் அத மறுபடி பழைய மாதிரியே மாத்துவாருங்க." அவள் அட்டையை நேராக்கிக்கொண்டாள். "ஆனா குளுகுளுன்னு ரூமு. மாசமானாச் சம்பளம்."

"நெழல்ல வேலை" என்று செங்கோடன் பெருமூச்சு விட்டார். முப்பது வருஷம் வெயிலிலும் புழுதியிலும் நின்ற மனிதர், அவருக்கு அது சொர்க்கமாகத்தான் தெரியும். அன்றிலிருந்து பலகாரத் தட்டில் கண்ணாடிக்கு ஒரு பஜ்ஜி கூடுதலாக வைக்கச் சொன்னார். பாவாயி போட்டிக்குக் கருங்கல்லுக்கு இரண்டு கூடுதலாக வைத்தாள்.

சித்திரை ஒன்றாம் தேதி மாரியம்மன் கோயில் அன்னதானம். வழக்கமாகச் சந்தைப்பேட்டையில் பந்தல் போடுவார்கள். அந்த வருஷம் அங்கே பல்கலைக்கழகம் இருந்ததால் அதன் சாப்பாட்டுக் கூடத்திலேயே ஒரு பந்தி, கூட்டம் தாங்காமல் எதிரே கண்ணாடியின் கூடத்தில் இன்னொரு பந்தி என்று ஏற்பாடாகியது. ஆனங்காட்டூரில் ஒரு மரியாதை உண்டு, பந்திக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரர்களுக்கு முதல் இலை போட்டுப் பரிமாறிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு. சமையல்காரர் நல்ல மனிதர், மரியாதை தெரிந்தவர், வெளியூரும்கூட. தரகர் போட்ட தடை அவர் காதுக்கு எட்டவில்லை. இரண்டு கூடத்திலும் தலைமாட்டில் ஒரு வாழை இலை விரித்து, தண்ணீர் தெளித்து, சோறும் பருப்பும் நெய்யும் போட்டு, "சாப்பிடுங்க சாமி" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். ரசத்துக்கு இரண்டாவது சுற்று வரும்போதுதான் ராசப்பன் நிமிர்ந்து பார்த்தார். முதல் இலை காலியாக இருந்தது. இலையை முறைப்படி தன் பக்கமாக மடித்தும் வைத்திருந்தது.

அவர் கையைக்கூடக் கழுவாமல் ரோட்டைத் தாண்டி ஓடினார். அங்கேயும் மடித்த இலை. பாயசம் மட்டும் மீதி.

"நனைச்சுப்போட்டாங்களே!" என்று அவர் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டும் கை நனைச்சுப்போட்டுதே!"

வான்மதியின் கைபேசி இரண்டு தரம் அதிர்ந்தது. தங்கள் ஒப்புதலை மகிழ்ச்சியுடன் பெற்றுக்கொண்டோம் என்று இரண்டும் எழுதியிருந்தன, ஒரு எழுத்துக்கூட மாறாமல்.

ஊர்க்கூட்டம் கூடியது. ஒரு பெண்ணுக்கு இரண்டு இடமா என்று ஒருவர், சோறு போட்டது ஊர் என்பதால் பெண்ணைக் கட்டுப்படுத்தாது என்று இன்னொருவர், ஆறு மாசம் இங்கே ஆறு மாசம் அங்கே என்று கவுன்சிலர். இரண்டுமே இப்படியே இங்கே இருந்துவிட்டால் என்ன, அவள் இருந்த இடத்தில் இருந்தே படிக்கட்டுமே என்று குடக்காரிகள். செங்கோடன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எவரும் வான்மதியிடம் எதுவும் கேட்கவில்லை.

அவள் எழுந்து போய் ரோட்டின் நடுக்கோட்டில் நின்றாள். ஒரு பக்கத் தோளில் பனி விழுந்தது, மறுபக்கத் தோளில் கண்ணாடியில் பட்டுத் தெறித்த வெயில் சுட்டது. மின்னஞ்சலைத் திறக்கவில்லை, வாயாலேயே கேட்டாள், ஊர் முழுக்கக் கேட்கும்படி.

"ரெண்டு பேரும் எங்க சோத்தத் தின்னுபோட்டீங்க. தின்ன சோத்துக்காவது நெசத்தச் சொல்லுங்க. எனக்கு வேலை கெடைக்குமா, கெடைக்காதா?"

கண்ணாடி உடனே பதில் அனுப்பியது. பதினான்கு பக்கம், வண்ண வண்ண வட்டங்கள், சிரிக்கிற முகங்கள். கடைசி வரியில், நிச்சயம் கிடைக்கும்.

கருங்கல்லில் இருந்து ஒன்றும் வரவில்லை. அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. மணிக்கூண்டின் முள் ஒரு தரம் முன்னால் போய்ப் பின்னால் வந்தது. கூரைப் பனி ஒரு பாளமாகச் சரிந்து குடங்களின் மேல் விழுந்தது, யாரும் எடுக்கப் போகவில்லை. பிறகு கைபேசி அதிர்ந்தது. அன்புள்ள விண்ணப்பதாரருக்கு என்று இல்லாமல் பெயரைப் போட்டு எழுதியிருந்தது.

வான்மதி, எங்களுக்குத் தெரியாது.

அவ்வளவுதான் இருந்தது. அவள் அதை மூன்று முறை படித்தாள். நான்கு வருஷமாக அவள் எடுத்த ஒவ்வொரு போனிலும் மறுமுனையில் இருந்து வந்தது ஒரே கேள்விதான்: தண்ணி வருமுங்களா? சொல்ல வேண்டிய பதிலை முதலாளி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருந்தார், அவளும் குரலில் தேனைத் தடவி, நிச்சயம் வருமுங்க, நிச்சயம் வருமுங்க என்று நாளுக்கு நாற்பது பேருக்குச் சொன்னாள். எண்ணூறடி போட்டுப் புழுதி மட்டும் வந்த காட்டுக்காரர்கள் மறுபடி கூப்பிடும்போது அவளை ஏசமாட்டார்கள், "நீ சொன்னியே கண்ணு" என்று மட்டும் சொல்வார்கள். பதினான்கு பக்கத்தின் கடைசி வரியில் இருந்தது அவளுடைய குரலேதான், தேன்கூட மாறவில்லை. அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"அப்பா, நான் கருங்கல்லுக்குப் போறேன்" என்றாள்.

"தெரியாதுங்குது, கண்ணு."

"ஆமா. அது ஒண்ணுதான் பொய் சொல்லுல. எனக்கு வேலை கெடைக்காமயே போகலாம். நாளைக்கு நானும் பனி அள்ளலாம். ஆனா பூமிக்குள்ள தண்ணி எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். அதுக்கப்பறம் இவிய யாரும் என்னயப் போன் எடுன்னு சொல்ல முடியாது."

செங்கோடன் கண்ணாடியை ஒருதரம் ஏக்கத்தோடு பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

ஆனால் கை நனைத்த இடத்தை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கமும் ஆனங்காட்டூரில் இல்லை. முகூர்த்தத்தில் பெண் மனசு மாறினால் அதே தெருவில் வேறு பெண்ணை உட்காரவைத்து மாப்பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றிய ஊர் அது. ராசப்பன் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பனித்தண்ணீர் வந்ததிலிருந்து கூப்பிட ஆளில்லாமல், இடுப்பில் தேங்காயோடு ஓரமாக நின்றிருந்த மாரப்பன் அவர் கண்ணில் பட்டார்.

"மாரப்பண்ணா, உங்களுக்கு என்ன வயசாச்சு?"

"அம்பத்தெட்டு முடியுதுங்க."

"பரவால்ல. வாங்க."

விண்ணப்பத்தில் தகுதித் தேர்வு மதிப்பெண் என்ற இடத்தில் மாரப்பன் கைநாட்டு வைத்தார். கண்ணாடிக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. பெயர் மட்டும் மாறிய அதே பதினான்கு பக்கத்தை அவருக்கும் அனுப்பி, வேலை நிச்சயம் என்றது. சித்திரை இரண்டாம் தேதி காலையில் அவரை லிஃப்டில் ஏற்றிக்கொண்டு, கவுன்சிலரின் ஃபிளெக்ஸையும் சேர்த்து, அது பைபாஸ் ஏறிப் போனது.

வான்மதி கருங்கல்லின் படியேறும்போது பாவாயி அவளுக்குக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டாள். அழுதுகொண்டேதான் இழுத்துவிட்டாள். "வேலை கெடைக்கலீன்னா வந்துரு. கெடச்சாலும் வந்துரு" என்று ரகசியமாகச் சொன்னாள். கதவு சாத்திக்கொண்டது. லைன்மேன் கம்பியைத் தூக்கிப் பிடித்தார்.

குழாயில் மறுபடி காற்று வருகிறது. ஒன்றரை வருஷம் ஆகிறது. மாரப்பன் போன மூன்றாம் மாசமே பட்டியல் மாற்றும் வேலையில் சேர்ந்து, அதிகாரியாகவும் ஆகிவிட்டார் என்கிறார்கள். தண்ணி லாரிக்குக் காத்திருக்கும் வரிசையில் தினமும் யாராவது ஒருத்தி பாவாயியிடம் கேட்பாள்: "அக்கா, மகளுக்கு வேலை கெடச்சுதுங்களா?"

பாவாயி குடத்தை இடுப்பில் நேராக வைத்துக்கொண்டு, மகள் கலெக்டர் ஆகிவிட்டாள் என்று சொல்கிற அதே தோரணையில், "இன்னும் தெரியலீங்க" என்பாள்.